‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதிவைத்தால் போதுமா?

விடுதிச் சட்டம்: கேள்வி – பதில்

லாட்ஜ், ஹோட்டல், உணவகம் நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் சட்ட ஆலோசனை வழங்கும் எங்கள் குழுவின் பதில்கள். கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன.

எங்கள் ஹோட்டலில் வாலே பார்க்கிங் உண்டு. சாவியை வாங்கிக்கொண்டு கொடுக்கும் டோக்கனில் ‘வாகனம் உரிமையாளரின் பொறுப்பு, நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருக்கிறோம். போன மாதம் ஒரு விருந்தினரின் கார் திருடுபோனது. அவருடைய இன்ஷூரன்ஸ் நிறுவனம் எங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. டோக்கன் வாசகம் காப்பாற்றுமா?
– ஹோட்டல் உரிமையாளர், திருச்சி

காப்பாற்றாது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் கேள்விக்கு நேரான தீர்ப்பே இருக்கிறது. 1998 ஆகஸ்ட் 1 இரவு, டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர் மாருதி ஜென் காரையும் சாவியையும் வாலே ஊழியரிடம் கொடுத்து டோக்கன் வாங்கினார். வேறொரு காரில் வந்திருந்த மூன்று இளைஞர்கள், ஊழியர் தங்கள் காரை எடுத்துவரும் நேரத்தில் அந்த ஜென் காரின் சாவியைக் கைப்பற்றி, காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காவலாளி தடுத்தும் பயனில்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனம் கார்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு ஹோட்டல் மீது வழக்குப் போட்டது. உங்களுக்கு வந்திருக்கும் நோட்டீஸும் இதே வழிதான்.

உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ஹோட்டலுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சாவியை வாங்கிக்கொண்ட நொடியில் கார் ஹோட்டலின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டதாகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு, தன் சொந்தப் பொருளைச் சாதாரண மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்தைக் கேட்கிறது. டோக்கனில் எதை அச்சடித்தாலும், சொந்தக் கவனக்குறைவிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது. கார் தொலைந்தது தன் கவனக்குறைவால் அல்ல என்று காட்டும் சுமையும் முதலில் ஹோட்டல் தலையில்தான் விழுகிறது.

ஆகவே நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன் டோக்கனை விட்டுவிட்டு, அன்று இரவு சாவி எங்கே தொங்கியது என்று பாருங்கள். வாசலில் திறந்த ஆணிப் பலகையில் தொங்கியிருந்தால் சமரசம் பேசுவதே மலிவு. பூட்டிய பெட்டி, இரண்டு துண்டு டோக்கன், கார் எடுத்தவரின் கையெழுத்து, அந்த நேரத்து கேமரா பதிவு ஆகியவை இருந்தால் வாதாட இடமுண்டு. கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். இன்றே வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

விருந்தினரே காரை நிறுத்திச் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் நிலைமை வேறு. அப்போது கார் ஹோட்டலின் கைக்கு வந்தது என்பதை அவர்தான் காட்ட வேண்டும். இன்னொன்று: பெரும்பாலான பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் பாலிசிகளில், உங்கள் பாதுகாப்பில் இருக்கும் பிறர் பொருளுக்கு விலக்கு உண்டு. வாலே வைத்திருப்பவர்கள் அதற்கென பாலிசியில் தனியாகக் கூடுதல் காப்பு வாங்க வேண்டும்.

மதுரையில் 84 அறை ஹோட்டல் கட்டி முடிக்கப்போகிறோம். ஒரு பெரிய பிராண்ட், 20 ஆண்டு நிர்வாக ஒப்பந்த வரைவு அனுப்பியிருக்கிறது. வருவாயில் 2.5%, லாபத்தில் 7% கட்டணம். ஆடிட்டர் ‘சதவீதம் நியாயமாகத்தான் இருக்கிறது’ என்கிறார். கையெழுத்துப் போடலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

சதவீதம் நியாயம்தான். ஆனால் இந்த ஒப்பந்தங்களில் பணம் போகும் வழி, சதவீதத்தில் இருப்பதைவிட ‘வரையறைகள்’ என்ற பகுதியில்தான் அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டு வருவாய் 20 கோடி, மொத்த இயக்க லாபம், அதாவது ஜி.ஓ.பி., 35% என்றால் 7 கோடி. வருவாயில் 2.5% என்ற அடிப்படைக் கட்டணம் 50 லட்சம். லாபத்தில் 7% என்ற ஊக்கக் கட்டணம் 49 லட்சம். இரண்டும் சேர்ந்து 99 லட்சம். இதன் மேல் 18% ஜி.எஸ்.டி., 17.82 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5% வரிதான். ஆனால் இன்புட் கிரெடிட், அதாவது நீங்கள் வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. உங்கள் அறைகள் அந்த வரம்புக்குள் என்றால் இந்த 17.82 லட்சத்தில் பெரும்பகுதி திரும்பி வராது. பழைய 12% காலத்தில் போட்ட கணக்கை ஆபரேட்டர், அதாவது ஹோட்டலை நடத்தப்போகும் பிராண்ட் நிறுவனம், இன்னமும் காட்டினால் திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்து, மேசை நாற்காலி, ஏசி மாற்றுவதற்கான ஒதுக்கீடு. வருவாயில் 4% என்றால் ஆண்டுக்கு 80 லட்சம். அது உங்கள் பணம்தான், ஆனால் நினைத்தபோது எடுக்க முடியாது. சொத்து வரி, இன்ஷூரன்ஸ், வங்கித் தவணை எதுவுமே ஜி.ஓ.பி. கணக்கில் கழியாது என்பதை ஆடிட்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். தவணை கட்டிய பிறகு உங்களுக்கு நஷ்டம் வரும் ஆண்டிலும் ஆபரேட்டருக்கு ஊக்கக் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். இதற்கு மாற்றாக, வங்கித் தவணை கட்டி முடியும்வரை ஊக்கக் கட்டணம் பின்னால் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். முதல் ஐந்தாண்டுகளுக்காவது பல ஆபரேட்டர்கள் இறங்கி வருவார்கள்.

‘வருவாய்’ என்றால் என்ன? ஜி.எஸ்.டி., டிப்ஸ், வெளி டெக்கரேஷன்காரருக்காக நீங்கள் வசூலித்துக் கொடுக்கும் தொகை, தீ விபத்து இழப்பீடு ஆகியவை அதற்குள் வரக் கூடாது. இதை எழுத்தில் விலக்க வேண்டும். முன்பதிவுக் கட்டணம், விசுவாச உறுப்பினர் திட்டம், மத்திய விளம்பர நிதி, தலைமை அலுவலகத்து ஆட்களின் பயணச் செலவு என்று தனித்தனியாக வரும் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருவாயில் ஓர் உச்சவரம்பு வையுங்கள். வரைவில் இவை ‘அவ்வப்போது மாற்றப்படும்’ என்றுதான் இருக்கும். அந்த இரண்டு சொல்லை அப்படியே விட்டால் 20 ஆண்டுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

செயல்திறன் சோதனை என்று ஒரு பிரிவு இருக்கும். ஆபரேட்டர் சரியாக நடத்தாவிட்டால் நீங்கள் வெளியேற உள்ள ஒரே கதவு பெரும்பாலும் அதுதான். வழக்கமாக இரண்டு அளவுகோல்கள்: பட்ஜெட்டில் சொன்ன ஜி.ஓ.பி.யில் 85 அல்லது 90% வந்ததா. போட்டி ஹோட்டல்களின் சராசரி அறை வருவாயோடு ஒப்பிட்டால் எவ்வளவு. வரைவில் இந்த இரண்டுக்கும் நடுவே ‘மற்றும்’ இருக்கும். அதாவது தொடர்ந்து இரண்டு ஆண்டு இரண்டிலும் தோற்றால்தான் நீங்கள் முறிக்கலாம். ‘அல்லது’ என்று மாற்றக் கேளுங்கள், பிடிவாதமாக மறுப்பார்கள். கிடைக்காவிட்டால், ஆபரேட்டர் பற்றாக்குறைப் பணத்தைக் கட்டித் தப்பிக்கும் உரிமையை ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் இரண்டு முறை என்று கட்டுப்படுத்துங்கள். போட்டி ஹோட்டல்கள் எவை என்பதை இணைப்பில் பெயரோடு எழுதுங்கள். பட்ஜெட்டை அவர்களே போட்டு அவர்களே தேறுவதைத் தடுக்க, ஆண்டு பட்ஜெட்டுக்கு உங்கள் ஒப்புதலும் தேவை.

ஊழியர்கள் சட்டப்படி உங்கள் ஊழியர்களாகவே இருப்பார்கள். ஆகவே பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பாக்கி உங்களைத்தான் துரத்தும். பொது மேலாளர், நிதித் தலைவர் நியமனத்தில் மறுக்கும் உரிமையும், வங்கிக் கணக்கைத் தினமும் பார்க்கும் வசதியும் கேட்டு வாங்குங்கள். ‘மதுரையில் இன்னொரு ஹோட்டல் எடுக்கமாட்டோம்’ என்ற வாக்குறுதி, அந்த ஒரு பிராண்டுக்கு மட்டுமா, குழுமத்தின் எல்லாப் பிராண்டுகளுக்குமா என்று பாருங்கள். நடுவர் மன்றம் சிங்கப்பூரில் என்றிருந்தால் சென்னைக்கு மாற்றுங்கள். 40 லட்சம் தகராறுக்கு அங்கே போய் வாதாட யாராலும் கட்டுப்படியாகாது.

முன்கூட்டியே முறித்தால் கட்ட வேண்டிய தொகையைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும்.

ஏற்காட்டில் 14 அறை தங்குமிடம். திருமணமாகாத ஜோடிக்கு அறை கொடுத்தால் சீல் வைத்துவிடுவார்கள் என்று பக்கத்து விடுதிக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– ஏற்காடு

வயது வந்த இருவர் சேர்ந்து ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. 2019இல் கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை இதே காரணம் சொல்லிச் சீல் வைத்தார்கள். ஓர் அறையில் மதுப் பாட்டில்கள் இருந்ததும் கூடுதல் குற்றச்சாட்டு. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சீலை அகற்ற உத்தரவிட்டது. திருமணமாகாத ஜோடி தங்கியது குற்றமாகாது. முன்னறிவிப்பும் விளக்கம் சொல்ல வாய்ப்பும் தராமல் மூடியது தவறு என்றது. தமிழ்நாட்டு விதிகளின்படி தனிநபர் சொந்த உபயோகத்துக்கு 4.5 லிட்டர் வரை இந்தியத் தயாரிப்பு வெளிநாட்டு மது வைத்திருக்கலாம் என்பதையும் சுட்டிக்காட்டியது.

ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. இருவருடைய அடையாள அட்டையையும் தனித்தனியே பதியுங்கள். ‘ஒருவர் பெயர் போதும்’ என்று விடுவதில்தான் சிக்கலே. 18 வயதுக்குக் கீழ் என்று தெரிந்தால் அறை கிடையாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் நடப்பதாகத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் தனிக் குற்றம். ஒரே ஆள் வாரத்தில் நான்கு நாள், மணிக்கணக்கில், வெவ்வேறு பெயர்களோடு அறை எடுத்தால் அது ஜோடி விவகாரம் அல்ல. விபசாரத் தடைச் சட்டம் உங்கள் கட்டடத்தின் மேலேயே பாயும்.

‘தம்பதிகளுக்கு மட்டும்’ என்பது உங்கள் கொள்கையாக இருக்கலாம், சட்டமாகாது. அதை முன்பதிவின்போதே தெரிவிக்க வேண்டும். பணம் வாங்கிவிட்டு மலை ஏறி வந்தவரை வாசலில் திருப்பி அனுப்பினால், நுகர்வோர் ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

கோயில் தரிசனத்துக்கு மலேசியா, இலங்கையிலிருந்து தமிழர்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் வெளிநாட்டவர் படிவம் வேண்டுமா?
– லாட்ஜ் மேலாளர், கும்பகோணம்

வேண்டும். பேசும் மொழியைப் பார்க்காதீர்கள், பாஸ்போர்ட்டைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. முன்பு ‘சி’ படிவம் என்றது இப்போது மூன்றாம் எண் படிவம். வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலும் தேவை. கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் இருந்தால் தனிப் பதிவு. இரவு 11 மணிக்கு வேனில் 16 பேர் வந்து இறங்கும்போதுதான் இது தவறும். தனி லாகின் வாங்கி, இரவுப் பணியாளருக்கும் ஏற்றக் கற்றுக்கொடுங்கள்.

ஹோட்டல் லாபியில் சலூன் நடத்த ஒருவருக்கு இடம் கொடுத்தோம். 11 மாத ‘லைசென்ஸ்’ ஒப்பந்தம். இப்போது காலி செய்ய மறுக்கிறார். லைசென்ஸ் என்றால் உடனே வெளியேற்றலாம்தானே?
– நாகர்கோவில்

தலைப்பில் என்ன சொல் இருக்கிறது என்பதை நீதிமன்றம் கடைசியாகத்தான் பார்க்கும். 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கபூர் வழக்கு, பொருத்தமாக, ஹோட்டலில் இருந்த முடிதிருத்தகம் பற்றியதுதான். டெல்லி இம்பீரியல் ஹோட்டலின் இரண்டு அறைகள். பத்திரத்தில் லைசென்ஸ் என்றே எழுதியிருந்தும், இடத்தின் முழு அனுபவம் முடிதிருத்தகம் நடத்தியவர் கையில் இருந்ததால் அது வெறும் அனுமதி அல்ல, குத்தகைதான் என்றது நீதிமன்றம்.

உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இரவில் சலூனைப் பூட்டிச் சாவியை யார் கொண்டுபோகிறார்? மின் இணைப்பு யார் பெயரில்? ரசீதில் ‘வாடகை’ என்று எழுதினீர்களா? ஜி.எஸ்.டி. பதிவுக்காக அவர் கேட்டபோது கொடுத்த தடையில்லாக் கடிதத்தில் ‘வாடகைதாரர்’ என்று எழுதிக் கொடுத்தீர்களா? கடைசிக் கடிதம்தான் பலரைக் கவிழ்க்கிறது. ரிசப்ஷனில் யாரோ டைப் செய்து கொடுத்திருப்பார்கள்.

எப்படி இருந்தாலும் பூட்டை உடைக்கவோ மின்சாரத்தை நிறுத்தவோ வேண்டாம். எழுத்தில் முடிவு நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றம் போங்கள். அடுத்த ஆளோடு போடும் ஒப்பந்தத்தில் சாவி ஹோட்டலிடம், நேரம் ஹோட்டல் சொல்வது, வேறு தளத்துக்கு மாற்றும் உரிமை ஹோட்டலுக்கு, வசூல் ஹோட்டல் பில்லில், கட்டணம் வருவாய்ப் பங்காக என்று எழுதி, அப்படியே நடத்தவும் செய்யுங்கள். எழுதிவிட்டு நடத்தாவிட்டால் மறுபடி இதே கதைதான்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் எங்கள் கடையில் கிரேவி மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். இனி என்ன?
– திண்டுக்கல்

எடுத்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை இனி வருபவர்களுக்காகச் சொல்கிறோம். மாதிரியை நான்கு பாகமாகப் பிரிப்பார்கள். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு, அதாவது உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட அதிகாரிக்கு. நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்பச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் அனுப்புவார்கள். பெரும்பாலும் சமையல் மாஸ்டர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார். படிவத்திலேயே ‘நான்காம் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பவும்’ என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லிக்கொடுங்கள். முத்திரை, நேரம், சாட்சி சரியா என்றும் பார்க்க வேண்டும்.

பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். பாதகமாக வந்தால், அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டால் மாதிரி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதி. இந்த 30 நாளைத் தவறவிட்டுவிட்டு வழக்கறிஞரைத் தேடி வருபவர்கள்தான் அதிகம்.

தரம் குறைவு என்றால் அபராதம் 5 லட்சம் வரை, சுகாதாரமற்ற தயாரிப்புக்கு 1 லட்சம் வரை. ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால் சிறையும் உண்டு. சிக்கன் 65இல் போடும் சிவப்புப் பொடி பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான் கொண்டுபோய் விடும். இறைச்சி உணவில் செயற்கை நிறத்துக்கு அனுமதியே இல்லை.

உங்களுக்கு உதவக்கூடியது, எல்லா எச்சரிக்கையும் எடுத்தேன் என்ற வாதம். அதற்குப் பேச்சு போதாது. மசாலா, பனீர், எண்ணெய் வாங்கிய பில்கள், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, ஊழியர்களின் ஆண்டு மருத்துவச் சான்று, 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். சில்லறையாக வாங்கிய மசாலாவுக்குப் பில் இல்லையென்றால், தவறு சப்ளையருடையது என்று சொல்ல வழியே இல்லை.

குறைகளைச் சரிசெய்யச் சொல்லும் மேம்பாட்டு நோட்டீஸ் வந்தால் குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். சரிசெய்ததைத் தேதியோடு படமெடுத்துப் பதில் அனுப்புங்கள். பதிலே போடாமல் இருந்தால் லைசென்ஸ் நிறுத்தம்தான்.

கொடைக்கானலில் 24 அறை. வாடகை 4,500; சீசனில் சூட் மட்டும் 8,200. ஜி.எஸ்.டி. எப்படி?
– கொடைக்கானல்

சூட்டுக்கு அந்த நாள்களில் 18%. உங்களுக்குப் பெரிய அடி வேறு இடத்தில் விழும். 2025 ஏப்ரல் 1 முதல், முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறை ஒரு நாளாவது 7,500க்கு மேல் போயிருந்தால், அந்த வளாகத்து உணவகமே அடுத்த நிதியாண்டு முழுவதும் 5%இலிருந்து 18%க்குத் தாவுகிறது. இன்புட் கிரெடிட் கிடைக்கும், ஆனால் டீ குடிக்க வருபவர் பில்லைப் பார்த்துப் போய்விடுவார். மே மாதத்துச் சில இரவுகளுக்காக இதைச் செய்வது லாபமா என்று கணக்குப் போடுங்கள்.

விருந்தினர் பக்கத்திலிருந்தும் பாருங்கள். 7,500க்கு வரியோடு 7,875. 7,600க்கு வரியோடு 8,968. உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 100, அவர் தருவது 1,093. காலை உணவைச் சேர்த்து ஒரே தொகையாக விற்றால் முழுத் தொகையும் அறைக் கணக்கில் சேரும் என்பதையும் மறக்காதீர்கள்.

எம்.ஆர்.பி. 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை ஏசி ஹாலில் 40 ரூபாய்க்கு விற்கலாமா? சேவைக் கட்டணம் போடலாமா?
– வேலூர்

மேசையில் பரிமாறினால் விற்கலாம். அங்கே நடப்பது வெறும் விற்பனை அல்ல, சேவையும் சேர்ந்தது என்று 2017 டிசம்பர் 12இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விலை மெனுவில் இருக்க வேண்டும். பார்சல் கவுன்ட்டரில் எடுத்துக் கொடுக்கும் பாட்டிலுக்கு இந்த வாதத்தை நம்பாதீர்கள். அங்கே 20 ரூபாய்தான்.

சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை வழிகாட்டுதலை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28இல் உறுதிசெய்தது. பில்லிங் மென்பொருளில் அந்த வரி தானாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். பல கடைகளில் நிறுவிய ஆள் போட்டுவிட்டுப் போன இயல்புநிலை அமைப்பு அப்படியே கிடக்கிறது.